மேலே காத்திருந்தவர்

புதுச்சேரி

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நம் படகை ஓட்டிய ஸ்ராங்கு அண்ணன் சென்ற வாரம் காலமாகிவிட்டார். அன்று குப்பத்தில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.

மூழ்கிய கலங்களைத் தேடி இறங்கும் நாம், கீழே கண்டதையே ஊரெல்லாம் பேசித் திரிகிறோம். மேலே படகில் காத்திருந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. படகில் ஜி.பி.எஸ். இருந்தும், துப்ராயப்பேட்டைக் கலங்கரை விளக்கமும் கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்து இடம் உறுதியாகும்வரை அவர் எஞ்சினைத் தணிக்கமாட்டார். மூழ்கிய படகின்மேல் நங்கூரம் விழுவதற்கும் சம்மதிக்கமாட்டார். சற்றுத் தள்ளி மணலில் இறக்கி, கயிற்றை வெறுங்காலால் மிதித்துக்கொண்டு, அது அதிரும் விதத்திலிருந்தே நங்கூரம் பிடித்ததா இழுபடுகிறதா என்று சொல்லிவிடுவார். 18 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறுபவர்கள் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறோமா என்பதைக் குமிழிகள் ஒரே இடத்தில் வெடிப்பதை வைத்தே கணித்து, அவசரப்பட்டு ஏறியவனை ஏணியிலேயே திட்டுவார். (அதிகம் வாங்கியவன் நீ.)

சென்னையிலிருந்து வந்த குழுவினர் சினந்த அந்த நாள் நினைவிருக்கிறதா? ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை இறக்கிப் பார்த்து, மேலே தெண்டி நீரோட்டமும் அடியில் வன்னி நீரோட்டமும் எதிரெதிராக ஓடுவதைக் கண்டவர், பணம் போனாலும் போகட்டும் என்று படகைத் தேங்காய்த்திட்டுக்கே திருப்பிவிட்டார். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களுள் சண்டர்லாந்து உட்படச் சில, 1761 சனவரி 1 அன்று புயலில் அழிந்த கதையை நீதான் அவருக்குச் சொன்னாய். கேட்டு முடித்ததும் அவர், "கயிற்றை வெட்டிக்கொண்டு வெளிக்கடலுக்கு ஓடவில்லையா?" என்றார். அக்கப்பல்களின் தளபதி ஸ்டீவன்ஸ் அப்படித்தான் தப்பினார் என்று நீ வியந்தாய். அடுத்து, அன்று அடித்தது வாடைக்காற்றா கொண்டல்காற்றா என்று அவர் கேட்டபோது இருவரும் விழித்தோம்.

படகை இப்போது அவர் மருமகன் ஓட்டுகிறான். கைப்பழக்கம் உண்டு, பொறுமை போதாது. எஞ்சின் வாங்கிய கடன் பாக்கியிருப்பதால் நம் கூட்டத்தில் பணம் திரட்டுகிறோம், உன்னால் இயன்றதை அனுப்பு. வீட்டில் மாட்டுவதற்கு அவர் படம் ஒன்று வேண்டுமென்று அண்ணி கேட்கிறார். என்னிடம் உள்ளவை எல்லாம் மீன்களும் துருப்பிடித்த இரும்பும்தான். உன் பழைய கேமராவில் தேடிப் பார்த்து, முகம் தெளிவாகத் தெரிவது கிடைத்தால் 16ஆம் நாள் காரியத்துக்குள் அனுப்பிவை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி