மழை இருட்டினாலே நடுங்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைக் கண்ட நெல்லைக் குழந்தைகளில் சிலர், மழை இருட்டினாலே தாயின் சேலையைப் பற்றிக்கொள்வதையும், எப்போதோ நின்ற படுக்கை நனைத்தல் திரும்புவதையும், வெள்ளம் வருவதாகவே ஓயாமல் விளையாடுவதையும் பெரியவர்கள் ‘பயந்த கோளாறு’ என்று திருநீறு போட்டு விட்டுவிடுகிறார்கள். திருநீறு போடுவதில் குற்றமில்லை. அதோடு நின்றுவிடுவதே குறை. இது பேரதிர்ச்சிக்குப் பின் மனத்தில் தங்கிவிடும் மன அழுத்தப் பாதிப்பாக (PTSD) இருக்கலாம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் கையேடு, ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு இப்பாதிப்பின் அறிகுறிகளைத் தனியாகவே வகுத்திருக்கிறது. பெற்றோரையும் உடன் அமர்த்தி, படம் வரைந்தும் பொம்மை வைத்தும் நடந்ததைச் சிறுகச் சிறுக வெளிக்கொணரும் உளவியல் சிகிச்சையே இவர்களுக்கு முதல் தேவை, மாத்திரை அல்ல.

மாவட்ட மனநலத் திட்டத்தினர் ஐப்பசிக்கு முன்பே ஆற்றங்கரை ஊர்களின் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு இவ்வறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி அளிக்க வேண்டும். பெற்றோர் இப்போதே 14416 என்ற டெலி-மனாஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை