மூன்றரை மணிக் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இன்றுதான் கை வந்தது, அதுவும் புயலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடப்பதால். மூட்டு அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறிவிட்டாயாமே, சந்தோஷம். இறங்கும்போது மட்டும் அவசரப்படாதே. உன்னைத் தெரியாதா எனக்கு?

இங்கே விடிவதற்குள் புயல் கரைக்கு வந்துவிடும் என்கிறார்கள். காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகுமாம். "போன தடவை 80, இந்தத் தடவை 90, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீ கேட்பாய். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும் அப்பா. அந்தக் கணக்கில் 80-க்கும் 90-க்கும் இடையில் கால் பங்குக்கு மேலேயே கூடிவிடுகிறது. ஆனால் என் கவலை வேகத்தைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி.

நேற்று முன்தினம் பௌர்ணமி. பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில்தான் ஓதம், அதாவது கடலேற்றம், மிக உயரமாக ஏறும். அந்த உச்சம் நாளை அதிகாலை மூன்றரைக்கு. புயலும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. ஆறு மணி நேரம் தாமதித்து வந்தால் கடல் உள்வாங்கிக் கிடக்கும், இதே காற்று வெறும் மணலை அறைந்துவிட்டுப் போகும். மூன்றரைக்கே வந்தால் தண்ணீர் சாலைக்கு ஏறும்.

நீ ஊர் மாறும்போது என்னிடம் விட்டுப்போன பித்தளைக் காற்றழுத்தமானி ஞாபகம் இருக்கிறதா? காலையில் 1004 மில்லிபார். மதியம் 996. இப்போது கண்ணாடியை விரலால் தட்டினேன், முள் துள்ளி 986-ல் நின்றது. ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். சராசரி அழுத்தம் 1013 என்பதால், காற்று தள்ளாமலே 27 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். அதற்கு மேல் காற்று கரையை நோக்கித் தள்ளும் தண்ணீர், அதற்கும் மேல் அலை. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி வரும்.

போதாக்குறைக்கு இலையுதிர் காலத் தொடக்கம். வடதுருவப் பக்கம் குளிர் இறங்கிவிட்டது, கடல் மட்டும் கோடையில் வாங்கிய சூட்டை இன்னும் விடவில்லை. அந்த வித்தியாசத்தைத் தின்றுதான் இந்தப் புயல்கள் கொழுக்கின்றன. மரங்களிலும் இலை உதிரவில்லை. இலையோடு நிற்கும் மரம் பாய் விரித்த பாய்மரம் மாதிரி, காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும். 1987 அக்டோபரில் தெற்கு இங்கிலாந்தில் ஒரே இரவில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்ததற்கு வேகம் மட்டும் காரணமில்லை. முன்பே பெய்த மழையில் மண் ஊறிப்போயிருந்தது, இலைகளும் கொட்டியிருக்கவில்லை. இங்கேயும் பத்து நாளாக மழை. என் வாசல் மரத்தின் அடியில் மிதித்தால் செருப்பு புதைகிறது.

மத்தியானம் ஏணி போட்டு மழைநீர்க் குழாயைச் சுத்தம் பண்ணினேன். போன வருஷம் நாளை நாளை என்று தள்ளிப்போட்டு, கூரைத் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே இறங்கி, பழைய கடிதங்கள் இருந்த பெட்டி நனைந்துபோனது. உன்னுடையவையும் சில போயின, இவ்வளவு நாள் சொல்லவில்லை. இன்று கையை விட்டு அழுகிய இலைகளை அள்ள அள்ள, அடியில் ஒரு டென்னிஸ் பந்து! குழாய் வாயில் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது. அத்தனைக்கும் அதுதான் காரணம் போலிருக்கிறது. நானானால் இலைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், வானிலைக்காரர்கள் சொல்லி எது நடந்தது என்று எழுதியிருந்தாய். 1859 அக்டோபரில் இப்படி ஒரு புயலில்தான் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரப் பாறையில் மோதி உடைந்தது. நானூறு பேருக்கு மேல் போனார்கள், அதுவும் கரைக்கு வெகு பக்கத்தில். டார்வினை பீகிள் கப்பலில் கூட்டிப்போன கேப்டன் ஃபிட்ஸ்ராய் அப்போது வானிலைத் துறையில் இருந்தார். முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும் என்று வாதாடி, 1861-ல் துறைமுகங்களில் புயல் வருவதைக் கப்பல்களுக்குக் காட்டும் எச்சரிக்கைக் கூம்புகளை ஏற்ற வைத்தார். அவரையும் கேலி செய்தார்கள், உன்னை மாதிரி ஆட்கள்தான்.

மின்சாரம் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டது. காரை மரத்தடியிலிருந்து எடுத்து மேட்டில் நிறுத்த வேண்டும். திரும்பி வந்து கண்ணாடியை இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு இதை உறையில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்

பி.கு.: 983.