பிரண்ட காலை உருவிவிடாதீர்கள்: உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் போதும், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் கணுக்கால் வீங்கிய பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். அடிபட்ட அன்றே வருகிறவர்கள் குறைவு. எண்ணெய் போட்டு உருவி, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து, வீக்கம் விரல்வரை இறங்கிய பிறகே பலரும் வருகிறார்கள். அந்தக் காலை முதலில் பார்ப்பவர் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, பெரும்பாலும் வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் இழுபட்டுக் கிழிகிறது. நரம்பு எதுவும் பிசகுவதில்லை, எடுத்துவிட அங்கே ஒன்றும் இல்லை. உருவினால் உள்கசிவுதான் கூடும். முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, இவை போதும்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த விதிகள் கைகொடுக்கும். பிள்ளையால் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கணு எலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ, பாதத்தின் நடுவில் உள்பக்க, வெளிப்பக்க எலும்புகளையோ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அடுத்த கட்டம். “வலி போயிடுச்சு சார்” என்பான் பையன். அதை மட்டும் நம்பி மறுபடி ஆட்டத்தில் இறக்காதீர்கள். பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு முனைகள் அந்த ஜவ்வில் இருக்கின்றன. வலி போன பிறகும் அவை மந்தமாகவே இருக்கலாம். ஒருமுறை பிரண்ட கால் மறுபடி பிரள்வது இதனாலும்தான். கண்ணை மூடி ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்கிறானா, அந்தக் காலில் நொண்டியடித்து, வளைந்து வளைந்து ஓட முடிகிறதா என்று பாருங்கள்.

வாலிபாலில் வலையோரம் குதித்து அடுத்தவர் பாதத்தின்மேல் இறங்கும்போதுதான் பெரும்பாலும் கால் பிரள்கிறது. 1990களில் நார்வேயில் வாலிபால் ஆட்டக்காரர்களுக்கு எம்பவும் இறங்கவும் முறையாகக் கற்றுக்கொடுத்து, ஏறி நின்றால் ஆடும் சமநிலைப் பலகையிலும் பழக்கினார்கள். கணுக்கால் சுளுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் பள்ளியில் பலகை இல்லாவிட்டால் என்ன? ஒற்றைக் காலில் நின்று பந்தை எறிந்து பிடிக்கட்டும், தினமும் வார்ம்-அப்பில் ஐந்து நிமிடம். முன்பே அடிபட்டவர்கள் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டு ஆடுவதும் நல்ல பலன் தரும்.

மாவட்டப் போட்டியில் ஆள் குறையும் நெருக்கடி எனக்கும் தெரியும். அப்போதும் தயவுசெய்து மாற்று ஆட்டக்காரரை இறக்குங்கள்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்