நிலையான ஐபிக்குக் காசு வாங்கிவிட்டு சிஜிநாட் இணைப்பு தந்தது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு பிராட்பேண்டை நான் எடுத்ததற்கு ஒரே காரணம், ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத நிலையான இணைய முகவரி, உண்டு என்று உங்கள் விற்பனையாளர் உறுதியாகச் சொன்னதுதான். இதைவிட வேகமாகத் தருபவர்களை அதற்காகவே வேண்டாமென்று விட்டேன். அதற்கெனத் தனிக் கட்டணமும் கட்டிவிட்டேன். 7 வாரம் ஆகிறது; ஆனால் நீங்கள் தந்திருப்பது சிஜிநாட், அதாவது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்பு.

ரூட்டரின் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் 100.72 என்று தொடங்கும் முகவரிதான் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட்டுக்கென்று 2012-இல் ஒதுக்கிய தொகுதி என்பது உங்களுக்குத் தெரியாததா? வெளியிலிருந்து வருவதை என் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எப்படிப் போட்டாலும் வெளியிலிருந்து என் சர்வரைத் தொட முடியவில்லை. பதிவுசெய்த முகவரியிலிருந்து வந்தால்தான் என் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் உள்ளே விடும். பல வீடுகள் பகிரும் முகவரியை நான் எப்படிக் கொடுப்பேன்? என் தொழிலே நாசமாகிவிட்டது.

போனில் பேசிய ஒருவர், "வீட்டுக்கு எதற்கு சார் ஸ்டாடிக் ஐபி, ஏதாவது தப்பு வேலை செய்கிறீர்களா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அந்த அழைப்பைப் பதிவுசெய்திருப்பீர்கள். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்தவனிடம் பேசும் பேச்சா அது?

அதற்கு முன்பு அடையாளச் சான்றோடு நேரில் வரச் சொன்னதால் அரைநாள் லீவு போட்டு வந்தேன். கவுன்டரில் இருந்தவர், இதெல்லாம் ஆன்லைனில் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார். ஆன்லைனில் கேட்டால் நேரில் போகச் சொல்கிறார்கள்! அப்புறம் ரூட்டரை ரீசெட் செய்யுங்கள் என்று 9 முறை. ரீசெட் செய்தால் சிஜிநாட் போய்விடுமா?

"முகவரி மாறவில்லையே, அதுதான் ஸ்டாடிக்" என்று இன்னொருவர் விளக்கம் சொன்னார். மாறாமல் இருந்தால் போதாது, வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது முகவரியாகவும் இருக்க வேண்டும்.

ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பது எனக்கும் தெரியும். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. இல்லையென்றால் முதல் நாளே இல்லை என்று சொல்லியிருக்கலாமே, ஏன் காசை வாங்கினீர்கள்?

சரி, இன்னும் பொறுமையாகவே கேட்கிறேன். 7 நாளுக்குள் எனக்கு மட்டுமான பொது ஐபி, அதை ரூட்டரில் அமைக்கத் தேவையான சப்நெட், கேட்வே விவரங்கள் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். முடியாவிட்டால் நிறுவல் கட்டணம் உட்பட எல்லாப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். விற்பனையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ரூட்டர் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்