பேராதனைத் தமிழ்ச் சங்கப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

நான் 1961இல், கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவன். கலைப்பீடத்தில் தாய்மொழியிலேயே படிக்கலாம் என்று ஆகி அப்போது ஒரு வருடம்தான். பல்கலைக்கழகம் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலிருந்து, என்னைப் போல, பிள்ளைகள் வரத் தொடங்கிய நேரம். விரிவுரை முடிந்தால் எங்களுக்குப் போக்கிடம் தமிழ்ச் சங்கம்தான்.

சங்கத்துக்கு நாடகம் புதிதல்ல. தமிழ்ப் பேராசிரியர் கணபதிப்பிள்ளை, பல்கலைக்கழகம் கொழும்பில் இருந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதி மாணவர்களை நடிக்க வைத்தவர். கூத்து வேறு கதை. ஊரில் விடிய விடிய வட்டக்களரியில், சுற்றிவரச் சனம் இருக்க நடுவில், ஆடுவதைப் படித்தவர்கள் மதிக்காத காலம் அது. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றியபோது சிங்களவர்கள் தங்கள் கிராமத்து ஆட்டத்தைப் புதுக்கண்ணால் பார்த்தார்கள். நம்மாலும் முடியும் என்று எங்கள் தமிழ்த்துறை வித்தியானந்தன் சேர் இறங்கினார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த வருடம் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்'. இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் இருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நூல்களில் இருக்கிறது. நான் எழுத வந்தது அந்த நூல்களில் இல்லாதவர்களைப் பற்றி.

நான் ஆடவில்லை, கிரீடம் ஒட்டினேன். மட்டையை வெட்டி, மினுக்குத் தாள் ஒட்டி, ஹந்தானை மலைக் குளிரில் சீக்கிரம் காயாததால் விடுதிக் கட்டிலுக்குக் கீழே இரண்டு நாள் வைத்திருப்போம். பசைக்குக் கோதுமை மா தந்தவர் விடுதிச் சமையற்காரர். சிங்களவர். தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனால் ஒத்திகைக்கு வந்து கதவடியில் நின்று பார்ப்பார். மத்தளம் தொடங்கிவிட்டால் நகரவே மாட்டார். சதங்கை கட்டி ஆடியவர்களின் கணுக்கால் தோல் உரிந்திருக்கும். இரவில் தேங்காயெண்ணெய் பூசிவிட்ட பெடியன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் எந்த நிகழ்ச்சித் தாளிலும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து ஆட்டம் பழக்கிய அண்ணாவியார் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு முன்னால் முதல் நாள் கூசிக் கூசி நின்றார். மத்தளத்தில் கை வைத்ததும் அவர் வேறு ஆள். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆண்டு விழாக்களில் பேராசிரியர்களையும் முதன்மை நடிகர்களையும் நினைக்கிறீர்கள். நினைக்கத்தான் வேண்டும். ஆனால் திரை இழுத்தவர்கள், பிற்பாட்டுப் படித்தவர்கள், ஊர் பேசும் என்று வீட்டில் தடுத்தும் பின்மேடைக்கு வந்து உடை தைத்துத் தந்த பெண்பிள்ளைகள், இவர்களும்தான் சங்கம். இவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். படங்களும் தாள்களும் பலருக்கு இடப்பெயர்வில் போய்விட்டன. என்னுடையவை 1990இல் போயின.

உங்களிடம் கேட்பது இதுதான். சங்கத்தின் அடுத்த 'இளங்கதிர்' மலரில் இருபது பக்கம் ஒதுக்குங்கள். வாழ்த்துச் செய்திகளைக் குறைத்தால் இடம் வரும். கையில் இருக்கும் ஃபோனோடு இந்தக் கிழவர்களிடம் போய், நீங்கள் என்ன நடித்தீர்கள் என்று கேட்காமல், உங்களோடு வேலை செய்தது யார் யார் என்று கேளுங்கள். பெயர்கள் கொட்டும். ஒலிப்பதிவையும் கிடைக்கும் தாள்களையும் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்குக் கொடுங்கள், 'இளங்கதிர்' பழைய இதழ்களை அங்கேதான் நானே திரும்பப் பார்த்தேன். சமையற்காரரின் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் தேடுங்கள், சிங்களம் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்னிடம் மிஞ்சியிருப்பது துருப்பிடித்த சதங்கை மணி ஒன்று, அப்புறம் பதினேழு பெயர்கள். மத்தியானத்துக்குப் பிறகு எந்த நாளும் வீட்டில்தான் இருப்பேன். வாருங்கள்.

இப்படிக்கு,
கிரீடம் ஒட்டியவன்