ஓடுகளை உடைக்காமல் இறக்கிய தம்பிக்கு

அன்பான கல்லடி மக்களுக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் இருந்து வந்து எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

வணக்கம்.

எங்கள் பழைய வாசிகசாலையை இடிக்கிற வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்து இன்றோடு நாலு நாள். வாசிகசாலை நிற்கிறது. கூரை பாதி இல்லை, ஆனால் நிற்கிறது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல். நாள் போனால் இது ஒரு கூட்ட அறிக்கை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தில் இன்றைக்கே எழுதுகிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர்ச் சங்கத்தில் இல்லை. இந்த ஊரும் இல்லை. கூரையைப் பிரிக்க வந்த கூலியாட்களில் ஒருவர், படுவான்கரைப் பக்கத்துத் தம்பி. இருபத்தைந்து வயது இருக்கும்.

அன்று காலை நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது வேலை தொடங்கிவிட்டது. மேற்குப் பக்கக் கூரையில் இருந்து ஓடுகளை அப்படியே கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவை நொறுங்குகிற சத்தம் வீதி முனைக்கே கேட்டது. அந்தத் திண்ணையில் அப்பாவின் மடியில் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எனக்குக் காலே நகரவில்லை.

கிழக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். இந்தத் தம்பி ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஏணியில் நின்ற இன்னொரு பொடியனிடம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொடியன் அவற்றை வாகை மரத்தடிக்குக் கொண்டுபோய், தென்னோலை விரித்து அதன் மேல் நிறுத்தி அடுக்கினான். படுக்கப் போடவில்லை. படுக்கப் போட்டால் மேல் ஓட்டின் பாரத்தில் அடி ஓடு வெடிக்கும் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுக்கும் ஒன்றாக இல்லை, இரண்டாக இருந்தது. ஒன்றில் பழைய கள்ளிக்கோட்டை ஓடு, முதுகில் மங்களூர் எழுத்து அழுத்தியது. மற்றதில் 1978 நவம்பர் 23 சூறாவளியில் பறந்தவற்றுக்குப் பதிலாக இடையிடையே செருகிய ஓடு. இரண்டுக்கும் அளவில் ஒரு துளிதான் வித்தியாசம். கலந்து போட்டால் ஒன்றோடொன்று பூட்டாது, மாரி மழைக்கு ஒழுகும். அதைத் தெரிந்து, அடுப்புக் கரித்துண்டு ஒன்றை எடுத்துப் புது ஓடுகளில் கோடு போட்டு வைத்திருந்தார். கீழே நின்று வழக்குப் பேசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இந்த யோசனை வரவில்லை.

சுணக்கம் என்று அவருக்குப் பேச்சு விழுந்தது. எங்கள் காதுபடவே விழுந்தது. பதில் பேசாமல் அடுத்த ஓட்டுக்குக் கையை நீட்டினார். பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, ஏன் தம்பி இப்படி இறக்குகிறீர்கள் என்று கேட்டேன். "அப்பா ஓடு போடுற ஆள் ரீச்சர். உடைஞ்சா திரும்பக் கிடைக்காது எண்டு சொல்லுவார்." அவ்வளவுதான் சொன்னார். கோப்பையைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டு மறுபடி ஏறிவிட்டார்.

நேற்று எண்ணினோம். 612 ஓடு முழுசாக இருக்கிறது. முதிரை மரத்துக் கைமரங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தச் சொல்லும் கடிதத்தை வாங்க நாங்கள் எத்தனையோ கதவைத் தட்டினோம், சரி. ஆனால் அந்தக் கடிதம் வரும்போது திருப்பிப் போட ஓடு இருந்தது அவராலே. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம்பி, யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். இந்த ஊர் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். அன்றிரவே காத்தான்குடியில் இருந்து தறப்பாள் கொண்டுவந்து திறந்த கூரையை மூடிய நானாமார், மூன்று நாளும் எல்லோருக்கும் பிட்டு அவித்துத் தந்த அக்காமார், கூலி வாங்காமல் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) மாநகர சபைக்கும் ஏற்றிப் பறித்த ஆட்டோத் தம்பிமார், இரவில் திண்ணையில் படுத்துக் காவல் காத்த விளையாட்டுக் கழகப் பிள்ளைகள், வெளிநாட்டில் இருந்து விடிய விடிய போன் எடுத்தவர்கள். சங்கத்தில் உள்ள ஐயா ஒருவர் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாளை எண்ணி எண்ணிப் போய்க் கேட்டார். அந்தப் பதிலோடு வந்த வரைபடத்தைக் காட்டித்தான் எங்களால் பேச முடிந்தது. ஐயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

இனி, எங்கள் சங்கத்தைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல், மழைக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவு, தெருவிளக்குக்கு மகஜர் என்று இத்தனை காலம் நன்றாகத்தான் செய்தோம். ஆனால் நம் பகுதியில் பழையது என்னென்ன இருக்கிறது என்று ஒரு கொப்பியில்கூட எழுதி வைக்கவில்லை. பழையது என்றால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்று ஒரு கோடு கிழித்திருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய புளியந்தீவுக் கோட்டை அந்தக் கோட்டுக்கு முந்தியது. இங்கே கல்லடியில் நம் கண்முன்னே நிற்கிற திண்ணை வீடும் மடமும் வாசிகசாலையும் பிந்தியவை. வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. நாம் கேட்டு எழுதாமல் யார் அறிவிப்பார்கள்?

தினமும் பாலத்தைக் கடக்கிறோம். 2013இல் புதுப்பாலம் திறந்தபோது 1924இல் கட்டிய பழைய பாலத்தை உடைக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழையதில்தான் நடக்கிறோம், வாவியில் மீன் பாடும் கதையை அதில் நின்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். வீதி வேண்டும், கடை வேண்டும், மாடி வேண்டும். ஒன்றையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எது எங்கே வரலாம் என்று தீர்மானிக்கிற மேசையில் நாமும் இருக்க வேண்டும். அலவாங்கு வந்த பிறகு ஓடிவருவது இதுவே கடைசியாக இருக்கட்டும்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற தைப்பொங்கலுக்குள் கல்லடியிலும் உப்போடையிலும் தெருத் தெருவாகப் போய், பழைய வீடு, கிணறு, மடம், நிழல் மரம் எல்லாவற்றையும் படம் பிடித்து, அளவெடுத்து, வயசாளிகளிடம் கதை கேட்டு ஒரு பட்டியல் எழுதுவோம். பிரதி மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் போகும். நகரத் திட்ட வரைபு எப்போது மக்கள் பார்வைக்கு வந்தாலும் நாங்கள் போய்ப் பார்ப்போம், எழுத்தில் பதில் கொடுப்போம்.

இப்போதைக்கு ஒரு சின்ன உதவி. மேற்குப் பக்கத்துக்கு ஓடு போதாது. சூறாவளிக்குப் பிறகோ சுனாமிக்குப் பிறகோ கழற்றிய கள்ளிக்கோட்டை ஓடு உங்கள் வளவு மூலையில் அடுக்கிக் கிடந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். பாசி பிடித்திருந்தாலும் பரவாயில்லை, முனை உடையாமல் இருந்தால் போதும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூரை வேலை தொடங்குகிறோம். அந்தத் தம்பியும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணி என் பொறுப்பு.

நன்றியுடன்,
சங்கத்தின் செயலாளர்,
கல்லடி, மட்டக்களப்பு