எச்சரிக்கை அனுப்பும் முன் சர்வர் பதிவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர் குழுவினருக்கும்,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இணையவழிச் சதுரங்கத் தேர்வுப் போட்டியின் ஐந்தாம் சுற்று பற்றி நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: "இணைய இணைப்புக்கு ஆட்டக்காரரே பொறுப்பு. முடிவு இறுதியானது." நான்கு நிமிடத்தில் ஆட்டத்தின் பதிவை யாரும் திறந்து பார்த்திருக்க முடியாது. இரண்டாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் திரையில் தெரியாத பகுதியை மட்டும் சொல்கிறேன்.

என் மாணவிக்குப் பதினொரு வயது. தென்காசிப் பக்கத்தில் ஒரு கிராமம். இரவல் மடிக்கணினிக்கு அப்பாவின் கைப்பேசியிலிருந்துதான் இணையம். பக்கவாட்டிலிருந்தும் படம் தெரிய வேண்டும் என்று நீங்கள் கேட்ட இரண்டாவது கேமரா, அம்மாவின் கைப்பேசி. அதைச் சாய்த்து நிறுத்த வேறொன்றும் வாகாக அமையாததால் பீடி சுற்றும் தட்டை எடுத்துக்கொண்டார்கள். தட்டு போய்விட்டதால் அன்று காலை அம்மா பீடி சுற்றவில்லை.

இரண்டு கைப்பேசிகளும் ஒரே டவரை நம்பியவை. சாரல் காற்று வேறு. ஒரு காயை நகர்த்தியதைச் சர்வருக்குச் சொல்லச் சில எழுத்துகள் போதும். அந்தச் சில எழுத்துகள், நேர்மையை நிரூபிக்க ஓடிக்கொண்டிருந்த இரண்டு காணொளிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

அவளிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும். எதிரே ஒரு குதிரை. கடிகாரத்தில் 48 விநாடி. நகர்த்தலுக்கு இத்தனை விநாடி கூடும் என்ற ஏற்பாடும் உங்கள் போட்டியில் இல்லை. திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, அப்பாவின் கைப்பேசியை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தாள். இணைப்பு திரும்பியபோது ஆட்டம் முடிந்திருந்தது. மாலையில் உங்கள் மின்னஞ்சல் வந்தது: கேமரா பார்வையிலிருந்து விலகியது நேர்மை விதி மீறல், இது முதல் எச்சரிக்கை.

உட்கார்ந்திருந்தால் நேரம் போய்த் தோல்வி. எழுந்தால் விதிமீறல். அவள் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த முறை அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். தோற்றதற்கு அவள் அழவில்லை. மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "சார், நான் பார்த்து எழுதினேன் என்று சொல்கிறார்களா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அறிந்த குற்றம் அதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சர்வர் பதிவைப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

பதிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரின் இணைப்பும் எவ்வளவு தாமதிக்கிறது என்பதை விளையாட்டுத் தளங்கள் அளந்துகொண்டேதான் இருக்கின்றன. அளந்து, அதில் ஒரு பகுதியை ஓர் உச்சவரம்புக்குள் கடிகாரத்தில் திருப்பியும் தருகின்றன. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த டயல்-அப் காலத்திலேயே, 1995இல் தொடங்கிய இன்டர்நெட் செஸ் கிளப்பில், யோசித்த நேரத்தை ஆட்டக்காரரின் கணினியிலேயே கணக்கிட்டு, கம்பியில் போன நேரத்தைக் கழித்துவிடும் வழி இருந்தது. எந்த விநாடியில் இணைப்பு அறுந்தது, எப்போது திரும்பியது, அறுவதற்கு முன் தாமதம் எப்படி ஏறியது என்பதைத் தளத்திடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தோற்கும் நிலையில் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். என்னிடம் பயின்ற ஒரு பையனையே அதற்காகக் கண்டித்திருக்கிறேன். ஆனால் ஒரு குதிரைக்கு எதிரே யானையும் இரண்டு சிப்பாய்களும் வைத்திருப்பவள் எதற்குத் துண்டிக்கப் போகிறாள்?

2020 ஆகஸ்ட் 30 நினைவிருக்கும். இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதிப் போட்டியில் நம் அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார்கள். உலகின் பல பகுதிகளில் அன்று இணையம் தடுமாறியது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அதைக் கணக்கில் எடுத்து இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தது. நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். அதே தொடரின் காலிறுதியில் நம்மோடு ஆடிய அர்மேனிய வீரரின் இணைப்பு அறுந்தபோது மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டது. அர்மேனிய அணி போட்டியிலிருந்தே விலகியது. லாபம் நமக்கு என்றாலும் அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆக, நாட்டுக்கு என்றால் பதிவைப் பார்ப்போம், கிராமத்துப் பிள்ளைக்கு என்றால் பொறுப்பு அவளுடையது. இனி நுழைவுக் கட்டண ரசீதிலேயே "டவர், மின்சாரம், காற்று ஆகியவற்றுக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு" என்று அச்சிட்டுவிடலாம். அந்த ரசீது மட்டும் ஒரு நொடி தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது என்பதையும் இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு. உங்களில் பலர் சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து உழைப்பவர்கள் என்பதை அறிவேன். புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பதிவைப் பார்த்த பிறகும் தோல்விதான் என்றால் தோல்வியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த எச்சரிக்கை, பதிவைப் பார்க்காமல் ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே நிற்கக் கூடாது. பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: பதிவைப் பாருங்கள்.

தேடுவதற்கு வசதியாக: ஐந்தாம் சுற்று, பதினெட்டாம் பலகை, கறுப்புக் காய்கள், காலை 11.42.

இப்படிக்கு,
ஒரு சதுரங்கப் பயிற்சியாளர்,
தென்காசி மாவட்டம்